அண்ணாச்சி முகத்தில் தவசி

சிங்கமடை பஜாரில் செத்தவருக்கு ஒட்டுகிற போஸ்டரில் செத்தவரை விட உயிரோடு இருப்பவர்தான் பெரிதாகச் சிரிப்பார். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை, ஊர் வழக்கம் அது: மூலையில் ஒரு சின்ன வட்டத்துக்குள் செத்தவரை உட்கார வைத்துவிட்டு, நடுவில் ஆளுயரத்துக்கு, வெள்ளைச் சட்டையும் கழுத்துச் சங்கிலியுமாகக் கைகூப்பிக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய, 'ஆறாத் துயரத்துடன்' என்று கீழே பேரைப் போட்டுக்கொண்டு நிற்பார் துயரப்படுகிறவர். எந்த வீட்டில் எழவு விழுந்தாலும் அந்த ஊரில் அப்படிச் சளைக்காமல் துயரப்பட்டுக்கொண்டே இருந்தவர் அமிர்தலிங்கம் அண்ணாச்சி. ரோடு காண்ட்ராக்ட் எடுப்பவர், பஜாரில் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர், பேரூராட்சித் தலைவர் நாற்காலியில் மனசுக்குள் எப்போதோ உட்கார்ந்துவிட்டவர். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கருமாதி, கோயில் கொடை என்று எதுவானாலும் அவர் முகம் இல்லாமல் பேனர் கிடையாது. அவ்வளவு முகத்தை ஒரு மனுசன் எப்படித்தான் சுமந்துகொண்டு திரிந்தாரோ!

தவசி செத்த முதலாம் வருசத்து நினைவு நாளன்று, ஐப்பசி மழை சற்று ஓய்ந்திருந்த காலையில், அவனுடைய அக்கா சீனித்தாய் ஒரு வாளித் தண்ணீரும் தோசைக்கரண்டியும் எடுத்துக்கொண்டு பஜாருக்குப் போனாள். சாமி கும்பிடப் போகவில்லை, போஸ்டரைச் சுரண்டப் போனாள். தம்பிக்கு அண்ணாச்சி செலவில் போஸ்டர் ஒட்டியிருக்கிறது என்று பால்காரர் சொன்னதுமே அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். கொன்றவனே குனிந்து மாலை போடுவதை எந்த அக்காதான் பார்த்துக்கொண்டிருப்பாள்?

ஆமாம், கொன்றவர்தான். கத்தி எடுக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். தவசி பேனர் கட்டுகிற வேலை பார்த்தவன். போன வருசம் அண்ணாச்சியின் பிறந்தநாளுக்கு முந்தின நாள் மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது, பஸ் ஸ்டாண்ட் முக்கில் இரும்புச் சட்டத்தோடு ஏறியவன் மின்கம்பியில் பட்டுக் கரிக்கட்டையாக விழுந்தான். ஏறுவதற்கு முன்னால் அக்காவுக்கு போன் போட்டான். "ஏ சீனி, மழை பெய்யுது, கரண்ட்ட நிறுத்தாம ஏறமாட்டேன்னுட்டேன், அண்ணாச்சி கெட்ட வார்த்தையில வைறாரு, ஒரு எட்டு ஏறிட்டு வந்துடுறேன், எனக்குப் பரோட்டா எடுத்து வை" என்றான். அக்கா என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை அந்தப் பயல், பேர் சொல்லித்தான் கூப்பிடுவான். அம்மா பிரசவத்தோடு போய்ச் சேர்ந்த பிறகு, தானே ஒரு சிறுபிள்ளையாக இருந்துகொண்டு, இடுப்பில் வைத்துச் சோறூட்டி வளர்த்தவளைத்தான் அப்படிக் கூப்பிட்டான். அவளும் செருப்பைக் கழற்றுவாள், அவனும் ஓடுவான், அதுதான் அந்த வீட்டின் சந்தோசம்.

மறுநாள் அண்ணாச்சி ஊர் முழுக்க ஒரு பேச்சைப் பரப்பினார். பையன் குடித்திருந்தானாம், எவ்வளவு சொல்லியும் கேட்காமல் அண்ணாச்சி மேல் உள்ள பாசத்தில் தானாகவே ஏறினானாம். கீழே கயிறு பிடித்தவர்களும் ஆமாம் போட்டார்கள், போலீஸும் அப்படியே எழுதிக்கொண்டது. பீர் வாசம் பட்டாலே குமட்டிக்கொண்டு ஓடுகிறவனைக் குடிகாரன் ஆக்கிப் புதைத்தார்கள். செத்ததைக் கூட சீனித்தாய் ஒரு மாதிரி முழுங்கிவிட்டாள், இந்தப் பொய் மட்டும் அவள் தொண்டையில் முள்ளாக நின்றது. அண்ணாச்சி வாயாலேயே, ஊர் கூடி நிற்கும்போது, அந்தப் பொய்யை வெளியே துப்ப வைக்க வேண்டும். அதைத் தவிர அவளுக்கு இந்த உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

கரண்டியை ஓங்கிக்கொண்டு சுவருக்குப் பக்கத்தில் போனவள் அப்படியே நின்றாள். மூலையில் தவசி இருக்க வேண்டிய வட்டம் காலியாக இருந்தது. நடுவில், அண்ணாச்சியின் வெள்ளைச் சட்டைக்கு மேலே, அண்ணாச்சியின் சங்கிலிக்கு மேலே, அண்ணாச்சியின் மோதிரக் கைகள் கூப்பியபடி இருக்க, தவசியின் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. சோடா மூடியைப் பல்லால் திறக்கப் போய் உடைத்துக்கொண்ட முன்பல்லோடு சிரித்தது. சிநேகிதன் கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோவிலிருந்து வெட்டியெடுத்த படம் அது, அவனுக்கென்று வேறு நல்ல படம் கிடையாது. அதனால் எவனோ ஒருத்தன் கை மட்டும் அவன் தோளில் கிடக்கும். அந்தக் கையும் அப்படியே வந்திருந்தது. கீழே, 'ஆறாத் துயரத்துடன், உங்கள் அமிர்தலிங்கம்' என்று இருந்தது.

அடுத்த சுவரிலும் அவன்தான். பால்வாடிச் சுவரிலும் அவன்தான். அண்ணாச்சி பிறந்தநாளுக்காக ரோட்டின் ரெண்டு பக்கமும் வரிசையாகக் கட்டியிருந்த பேனர்களில், யானை மேல் உட்கார்ந்தும், சிங்கத்தின் பக்கத்தில் நின்றும், செல்போனில் பேசிக்கொண்டு நடந்துவந்தும் சிரித்தது அத்தனையும் அவன்தான்.

"வந்துட்டியாடா" என்றாள் சீனித்தாய், வேலை முடிந்து தாமதமாக வந்தவனைக் கேட்கிற மாதிரி. கரண்டியை வாளிக்குள் போட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள்.

முதலில் ஊர் அதை அச்சுப் பிழை என்று சொன்னது. ஃப்ளெக்ஸ் கடை காதர் மைதீன் பாயிடம் அண்ணாச்சி ஆளனுப்பிச் சண்டை போட்டார். பாய் பாவம், கம்ப்யூட்டரில் அண்ணாச்சி முகத்தை வைத்துக் காட்டினார், திரையில் அண்ணாச்சிதான் இருந்தார், மிஷினிலிருந்து துணி சுருள் சுருளாக இறங்கும்போது தவசியாக இறங்கினார். மதுரைக்குக் கொண்டுபோய் அடித்தார்கள், அங்கேயும் அதே கதை. பழைய பேனர்களைப் பரணிலிருந்து இறக்கிப் பிரித்தால், போன தேர்தலுக்கு அடித்ததிலும் அவன். ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போட்டிருந்த கிழிந்த பேனரில் கூட, ஆட்டுக்குட்டிகளைப் பார்த்து அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஒரு வாரம் போனது. ஊருக்கு வேறு வேலை இருக்காதா? பஸ் வந்தது, மழை வந்தது, முகூர்த்த மாசம் வந்தது. டீக்கடையில், "எப்படியும் ஒரு மூஞ்சி இருக்கப் போகுது, அது எந்த மூஞ்சியா இருந்தா என்ன, இந்தப் பையன் மூஞ்சியிலயாவது ஒரு களை இருக்கு" என்றார்கள். பேனர் கட்டுகிற தெருவில் யாரும் சொல்லாமலே லைன்மேன் கரண்ட்டை நிறுத்திவிட்டுத்தான் அந்தப் பக்கம் வந்தார். வெளியூரிலிருந்து பெண் எடுக்க வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டார், பேனரில் உள்ள முகத்தை வைத்து அண்ணாச்சியைத் தேடிக்கொண்டு மாலையும் கையுமாக மண்டபம் முழுக்க அலைந்தார்கள், உண்மையான அண்ணாச்சி முன்னால் போய் நின்றபோது, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க பெரியவரே, தலைவர் வர்ற நேரம்" என்று ஒதுக்கிவிட்டார்கள். அவருடைய மண்டபத்தில் அவரே பந்திக்குக் காத்திருந்து சாப்பிட்டார்.

சீனித்தாய் என்ன செய்தாள் தெரியுமா? மற்றவளாக இருந்தால் தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றியிருப்பாள். இவள் தலையை வாரி, நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, விசேசம் வைத்திருக்கிற வீடு வீடாகப் போனாள். "ஏன் மதினி, மகளுக்குச் சடங்கு வச்சிருக்கீக, அண்ணாச்சி படம் போடாமயா பேனர் அடிப்பீக? நாளைக்கு ஒரு காரியம்னா அவருதான வந்து நிக்கணும்?" என்று நல்லவள் மாதிரி எடுத்துச் சொன்னாள். "சும்மா சின்னதா போடாதீக, தலை நல்லாப் பெருசா வரட்டும்" என்றாள். ஊரும் பயந்தோ மரியாதைக்கோ போட்டது. படத்தைப் போட வேண்டாம் என்று அண்ணாச்சி கெஞ்சிப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி இவ்வளவு தன்னடக்கம்!" என்று சொல்லி இன்னும் ரெண்டு அடி கூட்டிப் போட்டார்கள்.

அப்படியாக அந்த வருசம் முழுக்க, தெருவுக்குத் தெரு, முக்குக்கு முக்கு, தம்பி சிரித்துக்கொண்டு நின்றான். காய்கறி வாங்கப் போனால் அவன், ரேசன் கடைக்குப் போனால் அவன், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கூடவே ஓடிவருகிற மாதிரி வரிசையாக அவன். அவள் போகும்போதும் வரும்போதும் அவனிடம் பேசினாள், வைதாள், சட்டைக் காலர் அழுக்கு என்று குறை சொன்னாள். உள்ளுக்குள் அவ்வளவு ஆசையாக இருந்தது அவளுக்கு. அந்த ஆசைக்கு நடுவில்தான் ஒருநாள் அந்தப் பாட்டிலைப் பார்த்தாள்.

ஊர் தவசியைக் கும்பிட ஆரம்பித்திருந்தது. அவன் படத்துக்குக் கீழே தாலி கட்டினால் குடும்பம் நிலைக்கிறது என்று எவளோ சொல்ல, வேண்டுதல் தொடங்கிவிட்டது. கும்பிட்டால் படைக்க வேண்டுமே? குடித்துச் செத்தவனுக்கு எதைப் படைப்பார்கள்! பேனருக்குக் கீழே வாழை இலையில் கடலைமிட்டாய், சுருட்டு, நடுவில் பிராந்தி பாட்டில். காரியம் பலித்தவர்கள் முழு பாட்டிலாக வைத்தார்கள்.

சீனித்தாய் பாட்டிலை எடுத்து ரோட்டில் போட்டு உடைத்தாள். "ஏய், அது சாமிக்கு வச்சது!" என்று ஓடி வந்தவளிடம், "எந்தம்பி குடிக்க மாட்டான்டி!" என்று கத்தினாள். அந்தப் பெண் கோபிக்கவே இல்லை. "சாமிக்குப் பிடிச்சதத்தான வைப்பாக, நீங்க மனசு வருத்தப்படாதீகக்கா, குடிச்சாலும் தங்கமான மனுசன்" என்று அவள் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னாள். வைதிருந்தால் திருப்பி வையலாம், அன்பாகச் சொல்லுகிற பொய்யை என்ன செய்வது? தம்பி முகம் எவ்வளவு பெரிதாகச் சிரித்ததோ, அந்தப் பொய்யும் அவ்வளவு பெரிதாக வளர்ந்துகொண்டிருந்தது.

அந்தப் பக்கம் அண்ணாச்சி வீட்டில் நிலைமை மோசமாகிக்கொண்டு வந்தது. முகம் பேனரிலிருந்து போனதோடு நிற்கவில்லை. டிரைவிங் லைசென்ஸில் தவசி இருந்தான். கூடத்தில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவில், மாலையும் கழுத்துமாக, அண்ணாச்சியின் மனைவி தமயந்தி பக்கத்தில் நின்று உடைந்த பல்லைக் காட்டினான். தமயந்தி பொறுமைசாலி. அந்தப் படத்துக்கு நேராக நின்று, "ஏம்ப்பா, உன்ன அவரு என்னதான் செஞ்சாரு?" என்று தினமும் கேட்டாள். படம் பதில் சொல்லாது. கேள்வி மட்டும் டிவி பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சி காதில் விழும். பிறகு ஒருநாள் அவள் தன் துணிமணிகளை எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

பேரூராட்சித் தேர்தல் அறிவித்தார்கள். வாழ்நாளெல்லாம் காத்திருந்த நாற்காலி! அண்ணாச்சி வேட்புமனுவோடு போனார். ஸ்டுடியோவில் அப்போதுதான் எடுத்து, ஈரம் காயாமல் கொண்டுபோன படம். அதிகாரி படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "இவரை வரச் சொல்லுங்க" என்றார்.

"நான்தாங்க அது."

"ஐயா, நானும் பிள்ளைகுட்டிக்காரன். வீணா வம்புல மாட்டி விட்றாதீங்க" என்று மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

டீக்கடை கூடி யோசித்தது. அந்தப் பையன் சாவில் ஏதோ ஒரு குறை நின்றுபோயிருக்கிறது, அண்ணாச்சி ஏதோ ஒன்றை மறைக்கிறார், அதைச் சொன்னால் முகம் திரும்ப வந்துவிடும், இதுதான் முறை, எல்லா ஊரிலும் சாமி இப்படித்தான் செய்யும் என்று தீர்மானித்துவிட்டார்கள். எந்தச் சாமி எந்த ஊரில் அப்படிச் செய்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அண்ணாச்சியும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மனு போடக் கடைசி நாளும் தவசியின் ரெண்டாம் வருச நினைவு நாளும் ஒன்றாக வந்து தொலைத்தது.

அன்று காலை அவர் சீனித்தாய் வீட்டு வாசலுக்கு வந்தார். அவள் பரோட்டாவும் சால்னாவும் கலர் சோடா பாட்டிலும் வைத்துத் தம்பிக்குப் படைத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"தாயி, நான் தெரியாத்தனமா பேசிட்டேன்" என்றார் அண்ணாச்சி.

"என்ன பேசுனீக?"

"அதான்... அவன் குடிச்சிருந்தான்னு."

"எங்கிட்டயா பேசுனீக? ஊர்ல பேசுனீக. ஊர்ல போய்ச் சொல்லுங்க."

"சொன்னா எம்முகம் வந்துடுமா?"

சீனித்தாய் சூடத்தைக் கொளுத்திக் காட்டினாள். வரும் என்றும் சொல்லவில்லை, வராது என்றும் சொல்லவில்லை. அண்ணாச்சி அந்தச் சூடத்தைத் தனக்குக் காட்டிய சத்தியமாக எடுத்துக்கொண்டார்.

நடுப்பகலில் பஸ் ஸ்டாண்ட் முக்கில் மைக் செட் போட்டார்கள். கடையை அப்படியே போட்டுவிட்டு ஊர் வந்தது, பஸ்ஸை நிறுத்திவிட்டு டிரைவர் வந்தார், இன்ஸ்பெக்டரும் பந்தோபஸ்து என்ற பேரில் வந்து நின்றார். காதர் மைதீன் பாய், ரோட்டைப் பார்த்த தன் கடையில், அண்ணாச்சியின் பேனரை மிஷினில் ஏற்றித் தயாராக வைத்திருந்தார். சொன்ன கையோடு முகம் வருகிறதா என்று பார்க்க வேண்டுமே!

அண்ணாச்சி மைக்கைப் பிடித்தார். முதலில் வழக்கம் போலப் பெரியோர்களே தாய்மார்களே என்று ஆரம்பித்தார், சீனித்தாய் முன்வரிசையில் நிற்பதைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "அந்தப் பையன் குடிக்கல" என்றார். "மழை பெய்யுது, ஏறமாட்டேன்னு காலப் பிடிச்சான். கரண்ட்ட நிறுத்தச் சொல்லுங்கன்னான். நிறுத்துனா தெருவெல்லாம் இருட்டாயிரும், நான் கட்டுன சீரியல் செட்டு எரியாதுன்னு நான்தான் விடல. ஏறலன்னா இனிமே இந்த ஊர்ல ஒனக்கு வேலையே கெடைக்காதுடான்னு கைய ஓங்கினேன். ஏறினான். விழுந்தப்போ கூட நான் பேனர் கிழிஞ்சிருச்சான்னுதான் மொதல்ல பார்த்தேன். குடிச்சிருந்தான்னு சொன்னது நான். கயிறு பிடிச்ச இவங்களைச் சொல்ல வச்சதும் நான்."

கூட்டத்தில் இருந்து ஒரு பெண் மெதுவாகப் போய்ப் பேனருக்குக் கீழே இருந்த பாட்டிலை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். கயிறு பிடித்தவர்கள் ரெண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். சீனித்தாய்க்கு ரெண்டு வருசமாகத் தொண்டையில் நின்றது இறங்கிவிட்டது. இறங்கிய இடத்தில் தம்பி இல்லை என்கிற நினைப்பு அவன் அன்றுதான் செத்த மாதிரி புதிதாக வந்து உட்கார்ந்தது.

"பாய், மிஷினைப் போடுங்க!" என்று கத்தினார் அண்ணாச்சி.

மிஷின் சர் சர் என்று இழுத்தது. முதலில் நீல வானம் இறங்கியது. பிறகு தலைமுடி, பிறகு நெற்றி, பிறகு கண். பிறகு உடைந்த முன்பல் இறங்கியது, கடைசியாகத் தோளில் அந்தக் கையும் இறங்கியது.

அண்ணாச்சி ஓடிப்போய்ப் பேனரைக் கையால் தடவிப் பார்த்தார், மை கையெல்லாம் ஒட்டியது. திரும்பி சீனித்தாயிடம் வந்தார். "சொல்லிட்டேனே! எல்லாத்தையும் சொல்லிட்டேனே! சொன்னா வந்துடும்னு சொன்னியே!"

"நான் எப்ப சொன்னேன்?" என்றாள் சீனித்தாய். "டீக்கடையிலல்ல சொன்னாக."

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தொப்பியைச் சரி செய்துகொண்டு பக்கத்தில் வந்தார். இவ்வளவு பேர் முன்னால் மைக்கில் சொன்ன பிறகு அவர்தான் என்ன செய்வார்? அண்ணாச்சி அவரைக் கவனிக்கவே இல்லை. சீனித்தாய் முன்னால் ரோட்டிலேயே முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார். "இன்னும் என்ன தாயி வேணும் ஒனக்கு? என் உசுரு வேணுமா? எடுத்துக்கோ. அவனை மட்டும் போகச் சொல்லு."

மைக்கை யாரும் அணைக்கவில்லை, அதனால் அவள் சொன்னது கடைசிக் கடை வரைக்கும் கேட்டது.

"ஐயய்யோ, ஒங்க உசுரு எனக்கெதுக்கு? நீங்க நூறு வருசம் நல்லா இருக்கணும் அண்ணாச்சி. ஒரு நோய்நொடி இல்லாம இருக்கணும், கண்ணு நல்லாத் தெரியணும். ஜெயிலுக்குப் போனாலும் சரி, திரும்பி வந்தாலும் சரி, வருசா வருசம் ஒங்க பொறந்தநாளுக்கு நான் பேனர் வைப்பேன், தெருத்தெருவா வைப்பேன். அப்புறம் ஒருநாள் நீங்களும் போய்ச் சேருவீகள்ல, அன்னைக்கு ஒங்க வீட்டு ஆளுக ஒங்களுக்குக் கண்ணீர் அஞ்சலி ஒட்டுவாக. அந்த வட்டத்துக்குள்ளயும் எந்தம்பிதான் சிரிப்பான்."